குரூப் 4 படிக்க டேப் வாங்கலாமா?

டேப் வாங்கட்டுமா, புத்தகம் வாங்கட்டுமா என்ற கேள்வி, அரசு வேலைக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் படிக்க உட்காரும் பிள்ளைகளிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும். அதே தேர்வை எழுதித்தான் நானும் வேலைக்கு வந்தேன் என்பதால் கேட்கிறார்கள். கடைசியாகக் கேட்டது சித்தி மகள். “ஏக்கா, அப்பா இருபதாயிரம் தாரேன்னு சொல்லிட்டாங்க. டேப் ஒண்ணு வாங்கிட்டா எல்லா புக்கும் பிடிஎஃப்ல வந்துரும்லா? எதுக்கு இத்தன புக்கத் தூக்கிச் சுமக்கணும்?” என்றாள். நியாயமான கேள்விதான். சித்தப்பாவுக்கு அந்த இருபதாயிரம் எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும். அதனால் போனில் ஒரு வரியில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. அவளிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் புத்தகம். பள்ளிப் பாடப்புத்தகங்கள் அச்சில், சொந்தமாக, கையில் இருக்க வேண்டும். டேப் அதற்கப்புறம்தான். இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இந்தத் தேர்வின் அமைப்பு. 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் மனத்திறனும். தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். கேட்கும் தரம் பத்தாம் வகுப்பு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது. கறுப்பு பால்பாயின்ட் பேனாவால் ஓஎம்ஆர் தாளில், அதாவது இயந்திரம் படித்துத் திருத்தும் விடைத்தாளில், வட்டத்தை நிரப்ப வேண்டும். ஆக, தாளில் எழுதும் தேர்வு, கேள்விகளில் பெரும்பகுதி ஆறாம் வகுப்பு முதல் தமிழ்நாடு பாடநூல் கழகம் அச்சடித்த புத்தகங்களுக்குள் இருந்து வருகிறது. ஆறு முதல் பத்து வரை தமிழ், அறிவியல், சமூக அறிவியல். பிறகு பதினொன்று, பன்னிரண்டில் தமிழ், வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல். படிக்க வேண்டியது எதுவென்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த தேர்வு வேறு அதிகம் இல்லை. பல தடவை திரும்பத் திரும்பப் படிக்கப் போகும் புத்தகங்கள் இவை. அவற்றை அச்சில் வைத்திருப்பதால் கிடைக்கும் பலனைப் படித்தவர்கள் எல்லாருமே சொல்வார்கள்.

அந்தப் பலன் என்னவென்று ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். தமிழ்ப் புத்தகத்தில் செய்யுள் முடிந்ததும் ‘நூல்வெளி’ என்று ஒரு கட்டம் வரும். ஆசிரியர் பெயர், பிறந்த ஊர், எழுதிய மற்ற நூல்கள், இந்தப் பாடல் எந்த நூலின் எந்தப் பகுதி என்பதெல்லாம் நாலைந்து வரியில் இருக்கும். பள்ளியில் படிக்கும்போது அதை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். குரூப் 4 படிக்கிறவர்களுக்கு அந்தக் கட்டம்தான் உயிர். என் புத்தகங்களில் செய்யுளைவிட நூல்வெளியைச் சுற்றித்தான் கோடும் கிறுக்கலும் அதிகம். ஒரு கவிஞருக்குச் சாகித்திய அகாதெமி விருது வாங்கித் தந்த நூல் எது என்று கேள்வி வந்தால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கட்டம் இடப்பக்கத்தில் கீழே இருந்தது என்பதும், பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன் என்பதும். நூலின் பெயர் அதன் பின்னால்தான் வரும்.

இது ஏன் முக்கியம் என்றால், நான்கு விடைகளில் இரண்டை எவரும் எளிதாகத் தள்ளிவிடலாம். மிச்சமிருக்கும் இரண்டில்தான் மதிப்பெண் இருக்கிறது. பாளையக்காரர் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799. மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர். ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டது அதே 1801 நவம்பர். வேலூர்ப் புரட்சி 1806 ஜூலை 10. படிக்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கும். ‘பொருத்துக’ என்று நான்கு பெயரையும் நான்கு ஊரையும் வரிசை மாற்றிக் கொடுத்தால், கயத்தாறு வழியாகவே பஸ்ஸில் போய்வரும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் தடுமாறுவார்கள். அந்த நேரத்தில் பக்கத்தின் இடம் கைகொடுக்கும். எது மேலே இருந்தது, எதற்குப் பக்கத்தில் படம் இருந்தது, எந்தத் தாளைத் திருப்பியதும் அது வந்தது என்று மனம் தேடிப் போகும்.

டேப்பில் அந்த இடம் நிலையாக நிற்பதில்லை. புதிய பாடத்திட்டத்தின் சமூக அறிவியல், அறிவியல் புத்தகங்கள் பெரிய அளவு. பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்து அச்சடித்திருப்பார்கள். எட்டு அங்குலத் திரையில் ஒரு முழுப் பக்கத்தை வைத்தால் எழுத்து எறும்பு அளவுக்கு ஆகிவிடும். விரலால் பெரிதாக்கி, இடது பத்தியைக் கீழே வரை இழுத்து, மறுபடி மேலே ஏறி வலது பத்திக்கு வர வேண்டும். ‘உங்களுக்குத் தெரியுமா?’ பெட்டி எங்கே இருந்தது என்று கேட்டால் திரையின் நடுவில் என்றுதான் சொல்ல முடியும். எல்லாமே திரையின் நடுவில்தான் இருந்தது.

“ஆனா டேப்ல தேடலாம்லாக்கா?” என்றாள் அவள். தேடும் வசதி உண்மையிலேயே பெரிய வசதி. ஆங்கில வழியில் படிப்பவர்களுக்கு அது முழுதாகக் கிடைக்கிறது. தமிழ் வழியில் படிப்பவர்கள் வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். தமிழ்ப் பாடநூல் பிடிஎஃப் ஒன்றைப் போனில் திறந்து, கண்முன்னே இருக்கும் ‘வேலுநாச்சியார்’ என்ற சொல்லைத் தேடுங்கள். பல கோப்புகளில் ஒன்றுமே இல்லை என்று வரும். அச்சுக்காகப் பக்கம் வடிவமைத்த எழுத்துருக்கள், கொம்பும் காலும் இடம் மாறிச் சேமிக்கப்பட்டிருப்பதால் இப்படி ஆகிறது. ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், எழுத்து கலைந்து கிடக்கும். பழைய புத்தகங்களை ஸ்கேன் எடுத்துச் சுற்றுக்கு விடுகிறார்களே, அவை வெறும் படங்கள். அவற்றில் தேடவே முடியாது. டேப்பின் முதல் பெருமை தமிழ் வழி மாணவருக்குப் பாதியாகத்தான் கிடைக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். பிடிஎஃப்பை இலவசமாகத் தருகிற அரசு, தேடக்கூடிய ஒருங்குறியில் (யூனிகோடு எழுத்தில்) அதைத் தந்தால் கிராமத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகும்!

தாளில் படித்தால்தான் மனதில் நிற்கிறது என்பது என் பழக்கம் மட்டும்தானா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. தேடிப் படித்ததில், இதை ஆராய்ந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். டெல்காடோ, வர்காஸ், அக்கர்மன், சால்மெரோன் என்ற நான்கு ஆய்வாளர்கள், 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளைத் திரட்டி 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மொத்தம் 1,70,000 பேருக்கு மேல் பங்கெடுத்த ஆய்வுகள் அவை. தாளில் படித்தவர்களுக்குப் புரிதல் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. வித்தியாசம் பெரிது என்று சொல்ல முடியாது. ஆனால் தகவல் நிறைந்த பாடங்களைப் படிக்கும்போதும், நேரக் கட்டுப்பாடு இருக்கும்போதும் அது தெளிவாகத் தெரிந்தது. கதை மட்டும் படிக்கும்போது தெரியவில்லை. திரையோடு பிறந்து வளரும் தலைமுறைக்கு இது குறைந்துகொண்டு வரும் என்றுதான் யாரும் நினைப்போம். அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அது கூடிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

அதைவிட எனக்குப் பயன்பட்டது இஸ்ரேலில் அக்கர்மனும் கோல்ட்ஸ்மித்தும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு. எவ்வளவு நேரம் படிப்பது என்பதை மாணவர்களின் விருப்பத்துக்கே விட்டபோது, திரையில் படித்தவர்கள் தாளில் படித்தவர்களைவிடக் குறைவான மதிப்பெண் எடுத்தார்கள். எனக்கு இவ்வளவு வரும் என்று கணித்துச் சொன்னபோது மட்டும் தங்கள் உண்மையான மதிப்பெண்ணைவிட அதிகமாகச் சொன்னார்கள். போட்டித் தேர்வுக்கு வீட்டில் தனியாகப் படிக்கும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. நம் பாடத்தை முடித்துவிட்டோமா என்று சொல்ல ஆசிரியர் கிடையாது. நாமேதான் முடிவு செய்கிறோம். விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். அந்தத் தைரியத்தில் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம்.

இத்தனையும் சொல்லிவிட்டு டேப் வேண்டாம் என்று சொன்னால் அது நியாயமாக இருக்காது. புத்தகத்தால் முடியாத இரண்டு காரியங்களை அது செய்கிறது.

ஒன்று, மாறுகிற விஷயங்கள். 2018-இல் அச்சான புத்தகத்தில் இந்தியாவுக்கு 29 மாநிலம், 7 யூனியன் பிரதேசம். தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டம். 2019-இல் ஜம்மு காஷ்மீர் பிரிந்தது. 2020 ஜனவரி 26-இல் தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒன்றாயின. இப்போது 28 மாநிலம், 8 யூனியன் பிரதேசம். தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் 2019-இல் வந்தன, மயிலாடுதுறை 2020-இல், மொத்தம் 38. பழைய புத்தகத்தைப் பக்கத்து வீட்டிலோ பழைய பேப்பர் கடையிலோ வாங்குகிறவர்கள் முதல் தாளைத் திருப்பி ‘திருத்திய பதிப்பு’ என்று எந்தெந்த ஆண்டு போட்டிருக்கிறது என்று பாருங்கள். பாடநூல் கழகத்தின் தளத்தில் இருக்கும் பிடிஎஃப்போடு ஒப்பிட்டு, மாறிய இடங்களில் பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள். நடப்பு நிகழ்வுகளையும் தாளில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. மாதாமாதம் பழசாகிறதை அச்சில் வாங்கி அடுக்கிக்கொண்டே போக முடியாது.

இன்னொன்று, கேள்விப் பயிற்சி. என் பார்வையில் டேப்புக்குக் கொடுக்கும் காசுக்கு நியாயம் செய்வது இதுதான். ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் நன்றாகச் செய்தார்கள். படித்ததை ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் அவர்களை முந்தினார்கள். நமக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை, மாதக்கணக்கில் கழித்து வருகிறது. தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்பும் இருக்கின்றன. முதலில் வெளியிடுவது உத்தேச விடைக்குறிப்பு. தேர்வர்கள் ஆதாரத்தோடு ஆட்சேபம் சொன்ன பிறகு சில விடைகள் மாறும். அதனால் இறுதி விடைக்குறிப்பை மட்டும் வைத்துச் சரிபாருங்கள். இத்தனை வினாத்தாளையும் அச்செடுத்தால் செலவு எகிறிவிடும், டேப்பில் எத்தனை ஆண்டு வினாத்தாளையும் வைத்துக்கொள்ளலாம். விடையைச் சரிபார்த்ததும் தவறானதை மட்டும் தனியாக ஒரு நோட்டில் எழுதிவைத்து, பாடப்புத்தகத்தில் அந்த வரியைத் தேடிப்போய்க் கோடு போடுங்கள். திரையில் தோற்ற இடம் தாளில் பதிய வேண்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மாதிரித் தேர்வை முழு 3 மணி நேரம் எழுதும்போது திரை வேண்டாம். வினாத்தாளை அச்செடுத்து, ஓஎம்ஆர் மாதிரித் தாள் வாங்கி, கறுப்பு பேனாவோடு உட்காருங்கள். 200 வட்டத்தை நிரப்புவதற்கே எவ்வளவு நேரம் போகிறது என்பதைக் கை தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கைப் போட்டுப் பார்க்க வினாத்தொகுப்பில் விட்டிருக்கும் கொஞ்ச இடத்துக்குள் தனிவட்டியையும் கூட்டுவட்டியையும் முடிக்கப் பழக வேண்டும். டேப்பில் ஸ்டைலஸால் கணக்குப் போட்டவர்களுக்கு முடிவில்லாத இடம் கிடைத்துப் பழகிவிடுகிறது. தேர்வறையில் அது கிடைக்காது.

வீட்டில் இருக்கும் பெண்களுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அண்ணா மேலாண்மை நிலையம் ‘எய்ம் டிஎன்’ என்ற யூடியூப் சேனலில் தேர்வாணையத் தேர்வுகளுக்கான வகுப்புகளை இலவசமாகப் போடுகிறது. சோறு வடிக்கிற நேரத்தில், துணி மடிக்கிற நேரத்தில், பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்திய அரசியலமைப்பு ஒரு பாடம் காதில் விழுந்துவிடும். படிக்க என்று தனி நேரமே கிடைக்காதவளுக்கு அது தங்கம். இதற்கு டேப்தான் வேண்டும் என்றில்லை, கையில் இருக்கும் போனே போதும்.

வாங்குவது என்று முடிவு செய்தால், பத்து அங்குலத்துக்குக் குறைந்த திரையை வாங்காதீர்கள். பாடநூல் பக்கம் பெரிதாக்காமல் முழுதாகத் தெரிய வேண்டும். சிம் போடாத மாடல் போதும்; வைஃபையோ போனின் ஹாட்ஸ்பாட்டோ போட்டு, வேண்டியதை இறக்கிக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். டெலிகிராமை அதில் ஏற்றவே ஏற்றாதீர்கள். படிக்கிற பிள்ளைகளின் நேரத்தைத் தின்பது சினிமாவும் ரீல்ஸும்தான் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில் டெலிகிராம் குழுக்களில் கொட்டும் நோட்ஸ்தான் அதைவிட மோசம். ஒரே பாடத்துக்குப் பத்து அகாடமியின் பிடிஎஃப் வந்து விழும். இறக்கிவைக்கும்போது படித்த திருப்தி வந்துவிடும், திறந்து பார்ப்பது ஒன்றோ இரண்டோதான். பாடப்புத்தகத்தின் ஒரு வரியைப் பத்து விதமாகச் சுருக்கியதைப் படிப்பதைவிட அந்த வரியைப் பத்து தடவை படிப்பது மேல்.

கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள் என்றும் சொல்வேன். 2025-26 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ (டேப்) மடிக்கணினியோ தருவதாக அறிவித்தார்கள். அப்படி ஒன்று வீட்டுக்கு வந்திருந்தால் மேலே சொன்ன வேலைகளுக்கு அதுவே போதும், கையில் இருக்கும் காசைப் புத்தகத்துக்குத் திருப்பிவிடலாம்.

வங்கித் தேர்வும் மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி தேர்வும் எழுதுகிறவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. அவை கணினியில் நடக்கும் தேர்வுகள். வங்கி முதல்நிலைத் தேர்வில் 100 கேள்விக்கு 60 நிமிடம்; அங்கே திரையில் வேகமாகப் படிப்பதே ஒரு திறமை. அவர்கள் டேப்பைக்கூட நம்பாமல், மவுஸோடு கணினியில் பழகுவதுதான் நல்லது. நீட் தேர்வு 2025-இல் ஓஎம்ஆர் தாளில்தான் நடந்தது.

சித்தி மகளுக்கு என் பழைய புத்தகங்களைக் கொடுத்துவிடலாமா என்று முதலில் யோசித்தேன். அலமாரியில் எடுத்துப் பார்த்தபோது வேண்டாம் என்று முடிவு செய்தேன். 32 மாவட்டப் பதிப்பு என்பது ஒரு காரணம். அதைவிட, பக்கம் முழுக்க என் கோடுகள். எனக்கு மறந்துபோனவை, எனக்குக் குழம்பியவை எல்லாம் அதில் தடித்து நிற்கின்றன. அவள் அதில் படித்தால் என் சந்தேகங்களைத்தான் படிப்பாள், அவளுடைய சந்தேகத்துக்குக் கோடு போட இடம் இருக்காது. புதுப் பதிப்பில் ஆறு முதல் பத்து வரை முழு செட் வாங்கச் சொன்னேன். அரசு விலைப் புத்தகம், சித்தப்பா தருவதாகச் சொன்ன தொகையில் கொஞ்சம்தான் செலவானது. பதினொன்று, பன்னிரண்டில் தேவையான பாடங்களை மட்டும் பிடிஎஃப்பிலிருந்து இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டாள். மிச்சக் காசை அப்படியே வைத்திருக்கிறாள். முதல் சுற்று படித்து முடித்துவிட்டு, வினாத்தாள் போட ஆரம்பிக்கும்போது டேப் தேவையா என்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

இரண்டுமே வாங்க முடியாத வீடுகள் நிறைய இருக்கின்றன. அவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். இலவச வகுப்போடு புத்தகங்களும் இருக்கும். சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடமே உண்டு. மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுப் பிரிவு இருக்கிறது. சின்ன ஊர்களில் கிளை நூலகம்தான் கதி. தேர்வில் தேறி வேலைக்குப் போனவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கோடு போடாத, புதிய பதிப்புப் பாடநூல்களாக வாங்கி உங்கள் ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் என்ன இல்லை என்று நூலகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முழு செட் இருப்பதாகப் பதிவேட்டில் இருக்கும். அலமாரியில் ஏழாம் வகுப்பு இரண்டாம் பருவம் மாதிரி நடுவில் ஏதாவது ஒன்று காணாமல் போயிருக்கும். அந்த ஒன்றை வாங்கிக் கொடுத்தால்கூடப் போதும்.